வாழ்க்கைப் படிகளும் ஊர்த்துணையும்
தோட்டத் தமிழர் வாழ்வை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மனித வாழ்வு ஒரே சமவெளியில் ஓடும் ஆறு அன்று. படிபடியாக ஏறியும் இறங்கியும் செல்வது. பிறப்பு, பள்ளி புகுதல், பூப்பு, மணம், மகப்பேறு, ஓய்வு, முதுமை, இறப்பு என்னும் இப்படிகள் எல்லார்க்கும் பொதுவானவை. ஆயினும், ஒரு படியிலிருந்து மறுபடிக்குக் கால் வைக்கும் அந்தச் சிறு பொழுதில்தான் மனிதன் தடுமாறுகின்றான். அப்பொழுது கை கொடுப்பவர் யார் என்பதே ஒரு சமுதாயத்தின் தகுதியைக் காட்டும் அளவுகோலாகும்.

மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், ஜொகூர் எல்லையை அடுத்து, ஜாசின் மாவட்டத்தில் உள்ளது சுங்கை ரம்பாய். அவ்வூரையும் மெர்லிமாவ், ஜாசின் முதலிய ஊர்களையும் சூழ்ந்த தோட்டப்புறங்களில் தமிழர் சில தலைமுறைகளாக வாழ்ந்து வந்துள்ளனர். மலாயாவில் வாணிக முறையில் ரப்பர் முதன்முதல் பயிரிடப்பட்டது இம்மலாக்காவில்தான். 1896-ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். பின்னர் ரப்பர் பெருக, தமிழகத்திலிருந்து ஆள்கள் வந்தனர், லயங்கள் எழுந்தன, லயத்து வாழ்வு ஒன்று உருவாயிற்று. அவ்வாழ்வில் மேற்கூறிய படிகளை மக்கள் எவ்வாறு கடந்தனர், இன்று எவ்வாறு கடக்கின்றனர் என்பது ஆராயத்தக்கது.

நூல்கள் காட்டும் பருவங்கள்

வாழ்வைப் பருவமாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறியே தொடங்குகின்றது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்றாங்குக் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக்கும். தலை நிமிர்த்தி ஆடுவது ஒரு பருவம். கை கொட்டுவது ஒரு பருவம். தளர்நடையிட்டு வருவது ஒரு பருவம். இக்காலத்துக் குழந்தை மருத்துவர் திங்கள்தோறும் குறித்து நோக்கும் வளர்ச்சிக் குறிகளையே நம் புலவர் பாட்டாக்கினர் எனலாம்.

பாட்டியல் நூல்கள் மகளிர் பருவத்தை ஏழாக வகுத்தன. பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40 என்பது பொதுவாக வழங்கும் கணக்கு. ஆடவர்க்கும் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என ஒரு பகுப்பு உண்டு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. மகளிர் பருவம் 40 வயதோடு நின்றுவிடுகின்றது. ஆடவர்க்கோ 30 வயதுக்கு மேற்பட்டதெல்லாம் முதுமகன் என்னும் ஒரே பெயருள் அடங்கிவிடுகின்றது. உலாவிலும் பிற பாட்டிலும் அழகையும் வீரத்தையும் பாடுதற்கு எழுந்த பகுப்பு ஆதலின், அது பிற்பருவத்தை விரித்துரைக்கவில்லை. புலவர்மேற் குறையில்லை. ஆனால் 70, 80 ஆண்டுகள் வாழும் இக்காலத்து மக்களுக்கு, வாழ்வின் பிற்பாதி பெயரில்லாத பருவமாகவே நின்றுவிட்டது. பெயரில்லாத பருவத்திற்குத் துணையும் குறைவாகவே வாய்க்கும். இக்கருத்து பின்னர் விளங்கும்.

மேலைநாட்டார் ஆராய்ச்சி

பிரெஞ்சு அறிஞர் அர்னால்டு வான் ஜென்னப் 1909-ஆம் ஆண்டில் உலகத்துப் பல இனத்தாரின் சடங்குகளை ஒப்பிட்டு ஒரு நூல் இயற்றினார். வாழ்க்கைச் சடங்குகள் அனைத்தும் மூன்று பகுதி உடையன என்பது அவர் கண்ட முடிபு. முதற்கண் ஒருவரைப் பழைய நிலையிலிருந்து பிரித்தல்; அடுத்து, பழையதும் புதியதும் அல்லாத இடைநிலையில் நிறுத்துதல்; இறுதியில் புதிய நிலையில் ஊரார் அறியச் சேர்த்தல்.

பூப்பெய்திய பெண்ணைத் தனியே இருத்துவது பிரித்தலாம். குறித்த நாள் வரை அவள் அங்கிருப்பது இடைநிலையாம். மஞ்சள் நீராட்டிப் புத்தாடை உடுத்து அவையில் அமர்த்துவது சேர்த்தலாம். இறப்பு வீட்டிலும் இம்மூன்றும் உண்டு. குடம் உடைத்தல் பிரித்தல். துக்க நாள்கள் இடைநிலை. பதினாறாம் நாள் கருமாதி முடித்து, உறவினர் தலைப்பாகை கட்டி மகனை மீண்டும் ஊர்வாழ்வில் புகுத்துவது சேர்த்தல்.

மனவியல் அறிஞர் எரிக் எரிக்சன் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனித வளர்ச்சியை எட்டுக் கட்டமாக்கினார். அவருடைய பகுப்பின் சிறப்பு யாதெனின், வளர்ச்சி இளமையோடு முடிவதில்லை என்று காட்டியதே. நடுவயதில் ஒருவர்க்கு அடுத்த தலைமுறையை வளர்க்கும் பொறுப்பு அமைகின்றது. முதுமையில், வாழ்ந்த வாழ்வை ஒருங்கே நோக்கி நிறைவு கொள்ளும் கடமை அமைகின்றது. அது கைகூடாவிடின் கழிவிரக்கமே எஞ்சும். நம் பாட்டியல் நிறுத்திய இடத்திற்கு அப்பாலும் எரிக்சன் சென்றார் என்க.

சடங்கு தரும் துணை

சடங்கை வெறும் ஆரவாரம் என்று கருதுவார் உளர். மூடப்பழக்கம் என்று ஒதுக்குவாரும் உளர். அதன் புறத்தோற்றத்தை நீக்கி உட்பொருளை நோக்கின், அது மூவகையால் மக்களுக்குத் துணையாதல் புலப்படும்.

முதலாவது, இன்ன கடமை இன்னார்க்கு என்று அது வகுத்துவிடுகின்றது. பூப்புச் சடங்கில் தாய்மாமன் சீர் கொணர வேண்டும். மணத்தில் நாத்தனார் முடிச்சிட வேண்டும். சாவில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். துன்பத்தில் இருப்பவர் ஒவ்வொருவர் வாயிலிலும் சென்று உதவி கேட்க வேண்டுவதில்லை. கேளாமலே வருவதற்கு முறை இருக்கின்றது.

இரண்டாவது, அது காலத்துக்கு எல்லை கட்டுகின்றது. பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் ஓய்வு. துக்க வீட்டார்க்குப் பதினாறு நாள். அந்நாள்களில் அழுவதும் அடங்கியிருப்பதும் தகும். அதன்பின் எழுந்து நடக்க வேண்டும். எல்லையில்லாத துயரம் மனிதனை விழுங்கிவிடும் என்பதைப் பழையோர் அறிந்திருந்தனர்.

மூன்றாவது, அது சான்றை உண்டாக்குகின்றது. இவர்கள் கணவன் மனைவியர், இக்குழந்தை இன்னார் பிள்ளை என்பதற்கு ஊரே சாட்சி. எழுத்தறிவு பரவாத காலத்தில் சடங்கே பதிவேடாக இருந்தது.

இம்மூன்றும் மொழி மாறினும் நிலைத்து நிற்கக்கூடியன. மலாக்கா நகரில் காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் அவர்களிடம் பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஆயினும் முன்னோர்க்குப் படைக்கும் பரச்சு என்னும் வழிபாட்டைப் பொங்கலை ஒட்டியும், ஆண்டின் நடுவில் பழக்காலத்திலும் இன்றும் செய்து வருகின்றனர். மொழி போனபின்னும் உறவைத் தாங்கி நிற்பது சடங்காயிற்று.

லயத்தில் உண்டான உறவு

சடங்கு வகுத்த கடமையைச் செய்யத் தாய்மாமனும் பங்காளியும் வேண்டும். கடல் கடந்து வந்தவர்க்கு அவர்கள் ஏது? கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தமையால் சிலர்க்குச் சுற்றம் வாய்த்தது, பலர்க்கு வாய்க்கவில்லை. 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்பாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபின், ஊரிலிருந்து உறவினர் வந்து சேரும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது.

இக்குறையை லயத்து மக்கள் தாமே நிரப்பிக்கொண்டனர். அடுத்த கதவில் இருந்தவர் அண்ணன் ஆனார். அவர் மனைவி அண்ணி ஆனார். ஒரே ஊரிலிருந்து வந்தவர் மாமன் ஆனார். பெயர் சொல்லி அழையாது முறை வைத்து அழைத்தனர். அழைத்த முறைக்கு ஏற்பக் கடமையும் செய்தனர். இரத்த உறவில்லாதவரே தாய்மாமன் இடத்தில் நின்று சீர் வைத்தனர். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவியே காயம் இடித்துக் கொடுத்தாள். பெரட்டுக்கு விடியுமுன் செல்லும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே ஆயா வளர்த்த பிள்ளைகள் தமக்குள் உடன்பிறந்தார் போன்றே வளர்ந்தனர். சாவு விழுந்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டுவதும், பந்தல் போடுவதும், துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொணர்வதும் லயத்துக்குப் பொதுவான கடமையாயின.

தோட்ட வாழ்வு துன்பமற்றதாய் இருந்தது என்று இதனால் கொள்ளற்க. கூலி குறைவு, நோய் மிகுதி, குடி பல குடும்பங்களைக் கெடுத்தது. சாதி வேற்றுமை லயத்தையும் விட்டு வைக்கவில்லை. எனினும், படி கடக்கும் பொழுதில் ஒருவர் தனித்து நின்றதில்லை என்பது அவ்வாழ்வின் பெருமை.

நாள் அறியாச் சாவு

இம்முறை முழுதும் தோற்றுப்போன காலம் ஒன்று உண்டு. 1942-ஆம் ஆண்டுக்கும் 1945-ஆம் ஆண்டுக்கும் இடையே, சப்பானியர் ஆட்சியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. கழிச்சல், மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் பெருந்தொகையினர் மாண்டனர். அவர் உடல் வீடு திரும்பவில்லை. இறந்த நாளும் தெரியவில்லை.

நாள் தெரியாதவர்க்குப் பதினாறாம் நாள் எதுவென்று கணக்கிடுவது? உடல் காணாமல் தாலி வாங்குவது எங்ஙனம்? கணவன் வருவான் என்று காத்திருந்த மனைவியர் சுமங்கலியும் அல்லர், கைம்பெண்ணும் அல்லர் என்னும் இடைநிலையிலேயே நிறுத்தப்பட்டனர். வான் ஜென்னப் கூறிய நடுப்பகுதி முடிவின்றி நீண்டதாயிற்று. இத்தகைய துயரை ‘தெளிவில்லா இழப்பு’ என்னும் பொருள்படப் பிற்காலத்தில் அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் பெயரிட்டு ஆராய்ந்தார். போரிற் காணாமற் போனவர் குடும்பங்களைக் கண்டு அவர் உணர்ந்த உண்மை இது: உறுதியான செய்தி கிடைக்காதபோது, இழந்தவர்க்கு மனவுறுதி இல்லை என்று பழிப்பது தவறு, முடிவில்லாமை நிகழ்ச்சியின் இயல்பேயன்றி அவர் குற்றம் அன்று. நாள் தெரியாவிடினும் ஆடி அமாவாசை போன்ற பொதுநாளில் நினைத்துப் படைத்தல் தமிழரிடை உள்ள வழக்கம். முடிவு தர இயலாத இடத்தில் நினைவுக்கு ஓர் இடம் தருவது அது.

பன்னிரண்டாம் வயது

இனிப் பள்ளிப் பிள்ளைகளின் நிலையை நோக்குதல் வேண்டும். மலேசியாவில் தமிழ்ப் பள்ளி மாணவர்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்றாம் வயதில் பல படிகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. பன்னிரண்டு நிரம்பினால் அடையாள அட்டை எடுத்தல் வேண்டும். ஆறாம் ஆண்டு முடித்துத் தமிழ்ப் பள்ளியை விட்டுத் தேசிய இடைநிலைப் பள்ளியில் புக வேண்டும். அங்குப் பயிற்றுமொழி மலாய். மலாய்ப் பாடத்தில் போதிய தேர்ச்சி பெறாதார் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து சென்றதைப் பல தலைமுறையினர் அறிவர். இவற்றோடு உடலின் மாற்றமும் அதே காலத்தில் நிகழ்கின்றது.

இப்படிகளுள் பூப்பு ஒன்றற்கே ஊரில் சடங்கு உண்டு. அதுவும் பெண்ணுக்கு மட்டுமே. மண்டபம், அலங்காரம், விருந்து என்று செலவு பெருகி, சடங்கின் பொருள் சுருங்கிவிட்ட வீடுகளும் உள. அத்தையும் பாட்டியும் அருகிருந்து, உடல் தூய்மையையும் தற்காப்பையும் அச்சம் நீங்கச் சொல்லிக் கொடுத்தலே அச்சடங்கின் உயிர்ப்பகுதி. அதனை விடுத்து, விரும்பாத சிறுமியைப் பலர் முன் அமர்த்திப் படம் பிடித்தல் துணையாகாது. ஆண்பிள்ளைக்கோ குரல் உடைவதும் மீசை அரும்புவதும் யாரும் பேசாத செய்தியாகவே கழிகின்றன. பள்ளி மாறும் படிக்கு எவர்க்கும் சடங்கில்லை. சிறு பள்ளியில் ஒவ்வோர் ஆசிரியரும் பெயர் சொல்லி அழைத்த பிள்ளை, நூற்றுக்கணக்கானோர் நடுவே பெயரற்று நிற்கும் அந்த முதல் ஆண்டிலேயே படிப்பில் பற்று இழத்தல் கூடும். ஆறாம் ஆண்டு விடைபெறு விழாவோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடாமல், சென்ற மாணவரை முதல் தவணையில் ஒருமுறையேனும் அழைத்து நலம் கேட்பின், அதுவே அப்படிக்குரிய சடங்காகும்.

தாலியும் பதிவும்

பண்டு சடங்கே பதிவேடாக இருந்தது என முன்னர்க் கூறப்பட்டது. இன்று அந்நிலை மாறிவிட்டது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முசுலிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்னும் முறையையும், திருமணப் பதிவையும் அது விதித்தது. அந்நாளுக்கு முன் வழக்கப்படி நடந்த மணங்கள் பதிவு பெற்றனவாகவே கொள்ளப்பட்டன. பின் நடந்தவற்றுக்கு அச்சலுகை இல்லை.

இம்மாற்றத்தை உணராத குடும்பங்கள் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டன. அதன் விளைவு மணநாளில் தெரியாது. பிள்ளை பிறந்தபின் தெரியும். பெற்றோர் மணம் பதிவாகாவிடின், பிள்ளை சட்டத்தின் கண்ணில் மணவுறவுக்கு வெளியே பிறந்ததாகும். தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டாலன்றித் தந்தை பெயர் பிறப்புப் பதிவில் ஏறாது. தந்தை குடிமகனாகவும் தாய் குடியுரிமை இல்லாதவராகவும் இருப்பின் துன்பம் பெரிது. அப்பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைத் தொடரும். பின்னர்ப் பள்ளிச் சேர்க்கை, அடையாள அட்டை, வேலை என ஒவ்வொரு படியிலும் அப்பிள்ளை தடுக்கப்படும். கணவன் இறப்பின் சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டின் உதவித்தொகை கேட்கும் மனைவியிடமும் மணச்சான்று கேட்கப்படும்.

ஆகவே, கல்யாணப் பந்தலில் மொய் எழுதும் ஏட்டைப் போலவே பதிவேடும் இன்று மணச்சடங்கின் உறுப்பாயிற்று. கோயிற் பொறுப்பாளரையும் துணைப் பதிவாளராக அமர்த்தச் சட்டம் இடம் தந்திருக்கின்றது. மணமேடையிலேயே ஊரார் முன் கையொப்பம் இடுவதை வழக்கமாக்கின், சடங்கும் சட்டமும் ஒன்றாகிவிடும்.

பெயரில்லாத படி

தோட்டத் தொழிலாளர் வாழ்வில் மிகக் கடினமான படி எது? சாவு அன்று, அதற்குத் துணை இருந்தது. வேலை ஓய்வே அது. 1951-ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. அதற்கு முன் கைவெறுமையாய் நின்ற முதியவர்க்கு, 55-ஆம் வயதில் ஒரு தொகை கிடைக்க வழி பிறந்தது. ஆனால் தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால், குடும்பத்தில் வேறொருவர் அத்தோட்டத்தில் உழைத்தாலன்றி, வீடும் முடியும். ஒரே நாளில் ஊதியம், வீடு, அண்டை அயல், வளர்த்த முருங்கை, வணங்கிய கோயில் ஆகிய எல்லாவற்றையும் விட்டுப் பெயரும் நிலை முதியவர்க்கு நேர்ந்தது. இதற்கு எச்சடங்கும் இல்லை. சீர் கொணர்வதற்கு எம்மாமனும் இல்லை. பாட்டியல் பெயரிடாத பருவத்தில் வாழ்க்கை தன் பெருஞ்சுமையை வைத்தது.

தோட்டங்களே மறைந்தபோது, இத்துன்பம் தனியொருவரை விட்டு ஊரையே பற்றியது. 1950-களிலும் 1960-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. அதனைத் தடுத்துத் தொழிலாளரையே உடைமையாளராக்கும் நோக்கோடு, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை வந்தது. வேறு பல இடங்கள் வீட்டு மனைகளாயின. லயத்து மக்கள் சிதறிப் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறினர். அங்கும் சடங்கு நடக்கின்றது. மண்டபமும் விருந்தும் முன்னிலும் சிறப்பு. ஆனால், மறுநாள் சோறு கொணரும் அடுத்த வீடு இல்லை.

மலேசியாவில் 2013 சூலை 1 முதல் தனியார் துறையின் குறைந்த ஓய்வு வயது 60 ஆயிற்று. தமிழர் ஆண்டு வட்டமும் அறுபதே. பிறந்த ஆண்டு மீண்டும் திரும்பி வரும் அந்நிறைவை மணிவிழாவாகக் கொண்டாடுவர். பெரும்பாலும் வசதியுடையார் செய்யும் விழா அது. அதனைப் பால்மரம் வெட்டியவர்க்கும் குலை அறுத்தவர்க்கும் உரிய ஓய்வுச் சடங்காக எளிய முறையில் ஆக்கினால் என்ன? அன்று பிள்ளைகள் கூடி, இனி எங்கே இருப்பது, மருந்துக்கு யார் துணை, சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதப்பட்டதா என்பவற்றைப் பேசி முடிவு செய்தால், அம்மணிவிழா உண்மையான துணையாகும்.

துணை நிற்கும் வகை

சடங்கின் மூன்று பயன்களையும் இன்றைய வாழ்வுக்கு ஏற்ப மீண்டும் அமைத்தலே செய்யத்தக்கது. கடமை இன்னார்க்கு என வகுத்தல் வேண்டும். கோயில், சங்கம், பள்ளிப் பெற்றோர் கழகம் ஆகியவற்றில், பேறுகால வீட்டுக்குச் செல்வார், துக்க வீட்டுக்குச் செல்வார், பதிவு அலுவலகத்துக்கு உடன் செல்வார் என மூவரை ஏற்படுத்துவது பெருஞ்செலவுடைய செயலன்று. காலத்திற்கு எல்லை வேண்டும். ஆனால் பதினாறாம் நாளோடு வருகை நின்றுவிடக்கூடாது. கூட்டம் கலைந்த பின்னரே தனிமை தொடங்குகின்றது. முதல் திங்களும், முதல் தீபாவளியும், ஆண்டு நிறைவும் நினைவில் வைத்துச் செல்லத்தக்க நாள்கள். சான்றும் வேண்டும், இக்காலத்துச் சான்று ஏட்டில் உள்ளது.

துன்பத்தில் இருப்பார் முன் என்ன பேசுவது என அஞ்சிப் பலர் போகாதிருக்கின்றனர். துக்கம் விசாரித்தல் என்னும் நம் வழக்கில் விடை இருக்கின்றது. சென்று அருகே அமர்தலே அதன் முதற்செயல். அறிவுரை கூற வேண்டுவதில்லை. இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த நன்மை ஒன்றை நினைவுகூர்ந்து, வீட்டார் பேசும்போது கேட்டிருந்தால் போதும். அழாதே என்பதும், விதி என்பதும் ஆறுதல் ஆகா. தூக்கமும் உணவும் பல கிழமை கெட்டு, வாழ்வில் வெறுப்புப் பேசுவாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் உறவினர் கடமை. அதில் நாணத்திற்கு இடமில்லை.

தோட்டப் பள்ளித் தமிழாசிரியர் பாடம் மட்டும் சொன்னவர் அல்லர். கடிதம் எழுதிக் கொடுத்தவரும், படிவம் நிரப்பியவரும், கல்யாணத்தில் வாழ்த்துரைத்தவரும், சாவில் இரங்கலுரைத்தவரும் பெரும்பாலும் அவரே. சுங்கை ரம்பாய் போன்ற சிற்றூர்ப்புறங்களில், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் இல்லாமையை முதலிற் காண்பவர் இன்றும் ஆசிரியரே ஆகலாம். பாட்டனை இழந்த பிள்ளை வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருப்பதையும் அவரே காண்பார். பருவங்களின் பெயரை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர், தம் முன் அமர்ந்துள்ள பிள்ளை எந்தப் படியில் நிற்கின்றது என்பதையும் கண்டுகொள்வாராயின், அப்பிள்ளைக்கு ஊரில் ஒரு துணை உண்டாகும்.